தப்பு நடந்தால் வாய் திறக்கிற கருவிகள்: வெப் ஆப் எழுதத் தொடங்குபவருக்கு ஒரு ரிவ்யூ

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே ஒன்றைப் புகழ்வதும் இன்னொன்றைத் திட்டுவதும் ஏன் என்று புரியாது. வெப் ஆப் எழுதக் கற்றுக்கொள்பவர் கணினி முன் உட்காரும் நேரத்தில் பெரும்பகுதி தப்பிலேயே போகும். அடைப்புக்குறி விட்டுப்போகும், ஃபைல் பெயர் மாறிப்போகும், சர்வரை நிறுத்திவிட்டு பேஜ் ஏன் வரவில்லை என்று திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் செய்துகொண்டிருப்பார். பல வருடம் எழுதியவர்களுக்கும் இதே கதைதான், அவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள், அவ்வளவே. ஆகவே ஒரு கருவி எவ்வளவு வேகம், எவ்வளவு அழகு, எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். தப்பு நடக்கும்போது அது வாயைத் திறக்கிறதா, திறந்தால் எந்த ஃபைல், எந்த வரி என்று சொல்கிறதா, அல்லது ஒன்றுமே நடக்காதது மாதிரி கமுக்கமாக இருந்துவிடுகிறதா என்றுதான் பார்ப்பேன்.

கணினியை ரொம்பப் பேச வேண்டியதில்லை. 8 ஜிபி ரேம் இருந்தால் தொடங்கலாம், 16 ஜிபி இருந்தால் நிம்மதி, எஸ்எஸ்டி மட்டும் கட்டாயம். எடிட்டர் ஒன்று, இருபது டேப் திறந்த பிரவுசர் ஒன்று, பின்னால் ஓடும் டெவலப்மென்ட் சர்வர் ஒன்று என்று மூன்றும் சேர்ந்து ரேமைத்தான் தின்னும். பிராசசர் இந்த வருட மாடலா போன வருட மாடலா என்பது இந்த வேலைக்குப் பெரிய வித்தியாசம் தராது, கேமிங் கார்டு தேவையே இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் சரி, கையில் இருப்பதிலேயே ஆரம்பியுங்கள்.

விண்டோஸ்காரர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம். ஒன்று, ஃபைல் எக்ஸ்டென்ஷனை மறைத்து வைக்கும் பழக்கம் விண்டோஸுக்கு உண்டு. நோட்பேடில் எழுதி இன்டெக்ஸ் டாட் ஹெச்டிஎம்எல் என்று சேமித்தால் சில சமயம் அதன் வாலில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பெயர் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் திறக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லும் டிக்கை முதல் நாளே போட்டுவிடுங்கள். இரண்டாவது, டபிள்யூஎஸ்எல். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் இந்த வசதி 2016-இல் வந்தது, இன்று ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் புராஜெக்ட் ஃபோல்டரை சி டிரைவில் வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கத்திலிருந்து ஓட்டினால் ஆமை வேகம், அதோடு ஃபைலைச் சேமித்தாலும் பேஜ் தானாகப் புதுப்பிக்காது. ஏனென்றால் ஃபைல் மாறியது என்ற சேதி அந்தப் பக்கம் போய்ச் சேர்வதில்லை. எச்சரிக்கை எதுவும் வராது. என் அளவுகோலில் இது பெரிய குறை. லினக்ஸின் சொந்த ஹோம் ஃபோல்டருக்குள் புராஜெக்டை வைத்தால் தீர்ந்தது. வெறும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கற்கும் கட்டத்தில் டபிள்யூஎஸ்எல் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் எந்த ஆபரேட்டிங் சிஸ்டமானாலும், கிளவுடோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டருக்குள் புராஜெக்ட் வைக்காதீர்கள். பிறர் எழுதிய தயார் கோட்கள், அதாவது பேக்கேஜ்கள், வந்து சேரும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் பல ஆயிரம் குட்டி ஃபைல்கள் இருக்கும், கிளவுட் அத்தனையையும் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும்.

எடிட்டருக்கு வருவோம். விஎஸ் கோட் வைத்துக்கொள்ளுங்கள், யோசிக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2015-இல் அறிவித்தது, இலவசம், மூன்று ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஓடும். அதற்கு நேர்ப் போட்டியாக இருந்த ஆட்டம் எடிட்டரை கிட்ஹப் (கோடைச் சேமித்துப் பகிரும் தளம்) 2022 டிசம்பரில் மூடிவிட்டது, ஆகவே பழைய பாடங்களில் ஆட்டம் என்று வந்தால் தாண்டிப் போங்கள். விஎஸ் கோட் எலெக்ட்ரான் மேல் கட்டியது என்பதால், அதாவது உள்ளே ஒரு குரோமியம் பிரவுசரே ஓடுவதால், ரேம் கொஞ்சம் அதிகம் எடுக்கும். அது உங்கள் பயன்பாட்டுத் தகவலை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்புவது பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் டெலிமெட்ரியை நிறுத்தலாம், அல்லது அதே திறந்த மூலத்திலிருந்து அது இல்லாமல் உருவாக்கிய விஎஸ்கோடியம் இருக்கிறது.

நான் அதைப் பரிந்துரைப்பதற்கான காரணம் வேறு. ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலின் முதல் வரியில் ஒரு கமென்ட் போட்டு, அதில் அட் குறியோடு டிஎஸ்-செக் என்று எழுதிப் பாருங்கள். டைப்ஸ்கிரிப்ட் (எண்ணா எழுத்தா என்ற டைப் சோதனையை ஜாவாஸ்கிரிப்டில் சேர்த்த மொழி) கற்காமல், எதையும் நிறுவாமல், அந்த ஃபைலில் உள்ள தப்புகளுக்கு அடியில் சிவப்புக் கோடு விழ ஆரம்பிக்கும். நேம் என்ற பண்பை நெம் என்று எழுதியிருந்தால் அங்கேயே சொல்லும். எண் எதிர்பார்க்கும் இடத்தில் எழுத்துச் சரத்தைக் கொடுத்தால் சொல்லும். ஒரு பட்டன் பேஜில் இல்லாமலும் போகலாம், அதைச் சோதிக்காமல் தொடுகிறாய் என்று கூடச் சொல்லும், ஆரம்பத்தில் இது கொஞ்சம் நச்சரிப்பாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒற்றை வரியைப் பற்றி அறிமுகப் பாடங்களில் பேச்சே இல்லாதது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கட்டாயம் வேண்டிய இருபது எக்ஸ்டென்ஷன் என்று வரும் பட்டியல்களில் பாதி காலாவதியானவை. உதாரணமாக அடைப்புக்குறிகளுக்கு நிறம் கொடுக்கும் வசதி 2021-லேயே எடிட்டருக்குள் வந்துவிட்டது, அதற்கென்று தனி எக்ஸ்டென்ஷன் இன்றும் பட்டியல்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹெச்டிஎம்எல் சுருக்கெழுத்தான எமெட்டும் உள்ளேயே இருக்கிறது. நான் புதியவர்களுக்கு மெஷின் தயார் செய்து கொடுக்கும்போது போடுவது மூன்றுதான்: பிரெட்டியர், ஈஎஸ்லின்ட், லைவ் சர்வர்.

பிரெட்டியர் கோடை ஒழுங்காக அடுக்கித் தரும் கருவி, 2017-இல் வந்தது. சேமிக்கும்போதே அடுக்கும்படி செட்டிங் போட்டுவிடுங்கள். இதை அழகுக்காகச் சொல்லவில்லை. ஒரு அடைப்புக்குறி குறைந்தாலும் பிரெட்டியரால் கோடைப் புரிந்துகொள்ள முடியாது, அதனால் தொடாமல் விட்டுவிடும். சேமித்தவுடன் வரிகள் டக்கென்று சரியான இடத்துக்கு நகரவில்லையா, எங்கோ ஏதோ மூடவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நாளில் கண் இதற்குப் பழகிவிடும், பிரவுசர் வரை போகாமலே தப்பு தெரிந்துவிடும். ஈஎஸ்லின்ட் 2013-லிருந்து இருக்கிறது, அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத மாறி, ஒருபோதும் ஓடாத வரி என்று காட்டும். ஆனால் அதன் கான்ஃபிகரேஷன் ஃபைலின் வடிவம் 9-ஆம் பதிப்பில் மொத்தமாக மாறிவிட்டது, பழைய பாடத்தைப் பார்த்து எழுதினால் கண்டுகொள்ளாது. ஆகவே ஃபைலை நீங்களாக எழுதாதீர்கள், அதன் இனிட் கட்டளையே எழுதிக் கொடுக்கட்டும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம் இருக்கிறது. ஃபைலைத் தனியாகத் திறக்காமல் ஃபோல்டரைத் திறங்கள், அப்போதுதான் எடிட்டருக்கு புராஜெக்ட் என்று ஒன்று இருப்பது தெரியும். டேபில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் வட்டப் புள்ளி இருந்தால் இன்னும் சேமிக்கவில்லை என்று பொருள், ஆட்டோ சேவ் போட்டுவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. ஆட்டோ சேவில் தாமதம் வைத்துச் சேமிக்கும் வகையை விட்டுவிடுங்கள், அதில் பிரெட்டியர் அடுக்காது. டேப் மாறும்போது சேமிக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். தீம், எழுத்துரு இதையெல்லாம் ஒரு மாலை நேரம் விளையாடி முடித்துவிட்டு மறந்துவிடலாம்.

மற்ற எடிட்டர்களா? ஸப்லைம் டெக்ஸ்ட் அபார வேகம், காசு கொடுக்காமலும் ஓட்டலாம், அவ்வப்போது வாங்கச் சொல்லிக் கேட்கும். ஆனால் தப்பைக் காட்டும் வசதியை நீங்களே பொருத்திக்கொள்ள வேண்டும். வெப்ஸ்டார்ம் 2024 அக்டோபரிலிருந்து வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு இலவசமாகிவிட்டது, தப்பைச் சுட்டிக்காட்டுவதில் விஎஸ் கோடைவிடக் கெட்டிக்காரன் என்றே சொல்வேன், ஆனால் 8 ஜிபி கணினியில் மூச்சு வாங்கும், மெனுக்களும் ஏராளம். 16 ஜிபி இருப்பவர்கள் தாராளமாக முயலலாம். கட்டளை எழுதும் டெர்மினலுக்குள் ஓடும் விம் எடிட்டர் இப்போதைக்கு வேண்டாம், வேண்டாம் என்றாலும் ஒரு நாள் அது வந்து நிற்கும், கிட் பகுதியில் சொல்கிறேன்.

இந்த ரிவ்யூவில் முதல் பரிசு பிரவுசரோடு சும்மா வரும் டெவலப்பர் டூல்ஸுக்குத்தான். எஃப்12 அழுத்தினால் திறக்கும். 2006-இல் ஃபயர்பாக்ஸுக்கு ஃபயர்பக் என்ற எக்ஸ்டென்ஷனாக வந்த வசதி இன்று எல்லா பிரவுசரிலும் உள்ளேயே இருக்கிறது. கோட் எழுதும் நேரம் முழுக்க இதை மூடவே மூடாதீர்கள். கன்சோலில் சிவப்பு வரி வந்தால் அதன் வலது ஓரத்தில் ஃபைல் பெயரும் வரி எண்ணும் இருக்கும், அதைச் சொடுக்கினால் நேரே அந்த வரிக்குப் போய்விடலாம். புதியவர்கள் ஆங்கிலத்தில் சிவப்பாக வந்த செய்தியைப் பார்த்ததும் மூடிவிட்டு, கோடை மேலிருந்து கீழ் வரை கண்ணால் துழாவ ஆரம்பிக்கிறார்கள். அந்தச் செய்தியை ஒரு தடவை முழுதாக வாசித்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். எல்லோருக்கும் முதல் வாரமே வருவது, கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் நல். இல்லாத ஒன்றின் பண்பை வாசிக்கப் பார்க்கிறாய் என்கிறது. பட்டனைத் தேடி எடுத்து அதில் கிளிக் வைத்திருப்பீர்கள், பட்டன் ஹெச்டிஎம்எல்லில் கண்ணெதிரே இருக்கும், பெயரும் சரியாக இருக்கும், பின்னே எது இல்லை என்கிறது? ஸ்கிரிப்டை ஹெட் பகுதியில் போட்டிருப்பீர்கள். பிரவுசர் மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு வரும்போது ஸ்கிரிப்ட் ஓடும் அந்தக் கணத்தில் பட்டன் இன்னும் உருவாகவே இல்லை. தேடியது நல் என்று திரும்பிவிட்டது. ஸ்கிரிப்ட் டேகில் டெஃபர் என்று ஒரு சொல் சேர்த்தால், பேஜ் முழுவதையும் வாசித்த பிறகுதான் ஓடும். கன்சோல் பொய் சொல்லவில்லை பாருங்கள், ஏதோ ஒன்று நல் என்பதையும் எந்த வரி என்பதையும் சரியாகவே சொல்லியிருக்கிறது.

அடுத்தது நெட்வொர்க் டேப். சர்வரிடம் என்ன கேட்டோம், என்ன வந்தது என்பதெல்லாம் இங்கே இருக்கும். 404 என்றால் முகவரி தப்பு, 500 என்றால் உங்கள் சர்வர் கோட் விழுந்துவிட்டது, இனி டெர்மினலைப் பாருங்கள். இங்கே கேஷை (பிரவுசர் சேமித்து வைக்கும் பழைய நகலை) முடக்கும் ஒரு டிக் உண்டு, போட்டுவையுங்கள், மாற்றியும் மாறாத சிஎஸ்எஸ் தொல்லை தீரும். ஆனால் டெவலப்பர் டூல்ஸ் திறந்திருக்கும் வரைதான் அது செல்லுபடி.

குரோமா ஃபயர்பாக்ஸா என்றால் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு எது வேண்டுமானாலும் சரி, சிஎஸ்எஸ்ஸுக்கு என் ஓட்டு ஃபயர்பாக்ஸுக்கு. சிஎஸ்எஸ் என்பது பிறவி ஊமை. பண்பின் பெயரைத் தப்பாக எழுதினால் சத்தமில்லாமல் விட்டுவிடும், சரியாக எழுதி தப்பான இடத்தில் போட்டாலும் அதே கதை. இன்லைன் உறுப்புக்கு (வரிக்குள்ளேயே ஓடும் உறுப்பு) அகலம் கொடுத்துவிட்டு ஏன் அகலமாகவில்லை என்று எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்! ஃபயர்பாக்ஸ் 2019-லிருந்து, பயனில்லாமல் கிடக்கும் சிஎஸ்எஸ் வரியை மங்கலாக்கி, பக்கத்தில் ஒரு குறியைப் போட்டு, இந்த உறுப்பு இன்லைன் என்பதால் அகலம் எடுபடாது, வேண்டுமானால் டிஸ்ப்ளேயை மாற்றிப் பார் என்று காரணத்தோடு சொல்கிறது. குரோமிலும் பிற்பாடு இதே மாதிரி குறிப்புகள் வந்துவிட்டன, ஆனாலும் ஃபயர்பாக்ஸின் விளக்கம்தான் புதியவருக்குத் தெளிவு. உறுப்புகளை அடுக்கும் சிஎஸ்எஸ் முறைகளான கிரிட், ஃபிளெக்ஸ் கோடுகளை பேஜ் மேலேயே வரைந்து காட்டுவதிலும் அது கெட்டி. ஹெச்டிஎம்எல்லும் இதே ரகம்தான், மூடாத டேகை பிரவுசர் தானே ஊகித்து மூடிக்கொள்ளும், அந்த ஊகம் சில நேரம் விபரீதமாக இருக்கும். டபிள்யூ3சி-யின் வேலிடேட்டரில் பேஜை ஒட்டிப் பார்த்தால் எங்கே மூடவில்லை என்று வரி எண்ணோடு வந்துவிடும்.

ஹெச்டிஎம்எல் ஃபைலை இரட்டைச் சொடுக்கு போட்டுத் திறக்கும் பழக்கத்தை மட்டும் சீக்கிரம் விடுங்கள். அப்படித் திறந்தால் முகவரிப் பட்டையில் ஃபைல் என்று தொடங்கும். ஜாவாஸ்கிரிப்டை மாட்யூலாகப் பிரித்து இம்போர்ட் செய்த அன்றே அது நின்றுவிடும், கன்சோலில் கார்ஸ் கொள்கை (வேறு இடத்திலிருந்து எடுப்பதைக் கட்டுப்படுத்தும் பிரவுசர் விதி) தடுத்தது என்று வரும். புதியவர் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டு போனால் சர்வர் ஹெடர், பிராக்ஸி என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். பிரவுசர் வாய் திறந்தும் பயனில்லாத இடம் இது. விடை ரொம்ப எளிது, சர்வர் வழியாகத் திறக்க வேண்டும். லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷனில் ஒரு பட்டனை அழுத்தினால் 5500 போர்ட்டில் பேஜ் வரும், சேமித்தால் தானாகப் புதுப்பிக்கும். பைத்தான் இருந்தால் அதனோடே வரும் ஹெச்டிடிபி சர்வர் போதும்.

ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ் நிறுவும்போது எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) என்று போட்டிருப்பதை எடுங்கள், இதுவரை இரட்டைப்படைப் பதிப்புகளே எல்டிஎஸ் ஆகியிருக்கின்றன. நேரடி இன்ஸ்டாலரைவிட என்விஎம் அல்லது எஃப்என்எம் போன்ற பதிப்பு மேலாளர் வழியாகப் போட்டால் பின்னால் மாற்றுவது சுலபம், பேக்கேஜ் நிறுவ சூடோ (நிர்வாகி அனுமதி) கேட்கும் அனுமதிச் சிக்கலும் வராது. நோடோடு வரும், பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம்-க்கு என் மதிப்பெண் குறைவுதான். வாய் திறக்கிறது, ஆனால் மூடத் தெரியவில்லை. ஒரு பேக்கேஜ் நிறுவத் தவறினால் திரை நிறைய எர்ரர் வரிகளாகக் கொட்டும், கடைசி வரியைப் பார்த்தால் லாக் ஃபைல் எங்கே இருக்கிறது என்று மட்டும் இருக்கும். மேலே போங்கள், விஷயம் பெரும்பாலும் முதல் சில வரிகளில் இருக்கும். நிறுவி முடித்ததும் இத்தனை பாதுகாப்புக் குறைகள் என்று எண்ணிக்கையோடு பயமுறுத்தும். அதில் பல, உங்கள் கணினியில் மட்டும் ஓடும் டெவலப்மென்ட் கருவிகளுக்குள் இருப்பவை. அதற்குக் கீழே அது சொல்லும் ஆடிட் ஃபிக்ஸ் ஃபோர்ஸ் கட்டளையை மட்டும் யோசிக்காமல் போடாதீர்கள், பேக்கேஜ்களின் பெரிய பதிப்பையே மாற்றி, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிடக்கூடும். எது சிக்கினாலும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் பாதி நோய் போய்விடும், எந்தப் பதிப்பு நிறுவியது என்று குறித்துவைக்கும் பேக்கேஜ்-லாக் ஃபைலை மட்டும் அழிக்காதீர்கள்.

குறைந்த பேக்கேஜ் என்பது எனக்கு ஒரு கொள்கை மாதிரி. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை அதை எழுதியவர் நீக்கியதும் அதை நம்பியிருந்த எத்தனையோ புராஜெக்ட்கள் பில்டு ஆகாமல் நின்றன. ஃபைல் மாறினால் சர்வரை மறுபடி ஓட்ட நோடிமான், ரகசிய மாறிகளை வாசிக்க டாட்இன்வ் என்று பாடங்களில் வரும். இன்றைய நோடில் வாட்ச், இன்வ்-ஃபைல் என்ற இரண்டு ஆப்ஷனும் உள்ளேயே இருக்கின்றன.

ரியாக்ட் (பேஜைத் துண்டு துண்டாகக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பக்கம் போவதென்றால், புராஜெக்டைத் தொடங்கி ஓட்ட வீட் என்ற கருவி. இவான் யூ 2020-இல் வெளியிட்டது. கிரியேட் ரியாக்ட் ஆப் என்று தொடங்கும் பாடம் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள், 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டது. வீட் கருவியில் எனக்குப் பிடித்தது அதன் வேகம் இல்லை. கோடில் இலக்கணத் தப்பு இருந்தால் பிரவுசர் பேஜின் மேலேயே ஒரு கறுப்புப் பலகையை விரித்து, ஃபைல் பெயர், வரி, அந்த வரியின் அக்கம்பக்கம் எல்லாவற்றையும் காட்டும். கவனிக்காமல் போகவே முடியாது. ஆனால் ஒரு இடத்தில் ஊமை. டைப்ஸ்கிரிப்ட் ஃபைலை எடுத்துக்கொண்டாலும் டைப்களை உரித்துப் போட்டுவிட்டு ஓட்டுமே தவிர, டைப் சரியா என்று சோதிக்காது. எடிட்டரில் சிவப்புக் கோடு இருந்தாலும் பேஜ் ஜம்மென்று ஓடும். டைப் சோதனைக்கு டைப்ஸ்கிரிப்டின் கட்டளையைத் தனியாக ஓட்ட வேண்டும்.

சர்வர் பக்கத்துக்கு பைத்தானில் எழுதும் ஜாங்கோவா, ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் எக்ஸ்பிரஸா என்று இழுபறி நடக்கும். தப்பு நடக்கும்போது இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பாருங்கள். ஜாங்கோ 2005-இலிருந்து இருக்கும் பழைய ஆள். அதன் டீபக் பேஜ் ஒரு பாடப்புத்தகம்: எந்த வரியில் விழுந்தது, அங்கே வந்து சேர்ந்த வழி என்ன, ஒவ்வொரு கட்டத்திலும் மாறிகளில் என்ன இருந்தது என்று எல்லாம் பிரவுசரிலேயே விரியும். முகவரி பொருந்தாவிட்டால் நான் சோதித்த பாதைகள் இவைதான் என்று பட்டியலே கொடுக்கும். (வெளியுலகத்துக்கு ஏற்றும்போது டீபகை நிறுத்த மறந்தால் இதே பேஜ் ஊருக்கே உங்கள் கோடைக் காட்டிவிடும், அது வேறு விஷயம்.) எக்ஸ்பிரஸ் 4-இல் அசிங்க் (பதிலுக்குக் காத்திருக்கும்) ஃபங்ஷனுக்குள் எர்ரர் வந்து நீங்கள் பிடிக்காவிட்டால் எக்ஸ்பிரஸுக்கு அது தெரியவே தெரியாது, பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும் அல்லது சர்வரே விழுந்துவிடும். 2024-இல் வந்த எக்ஸ்பிரஸ் 5 அந்த எர்ரரைத் தானாகப் பிடித்து எர்ரர் ஹேண்ட்லருக்கு அனுப்புகிறது. ஆகவே எக்ஸ்பிரஸ் என்றால் 5 மட்டுமே. பைத்தான் தெரியும் என்றால் ஜாங்கோ, ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று போதும் என்றால் எக்ஸ்பிரஸ் 5, இரண்டையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள்.

டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் எழுதியது, மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல், சர்வர் கிடையாது, பாஸ்வேர்ட் கிடையாது, நிறுவும் வேலை கிட்டத்தட்ட இல்லை. ஜாங்கோ அதையேதான் இயல்பாக எடுத்துக்கொள்ளும். ஆனால் கொஞ்சம் அதிகமாகவே நல்லவன். எண் என்று அறிவித்த நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொன்றோடு பிணைக்கும் விதி) போட்டிருந்தாலும் ஒவ்வொரு இணைப்பிலும் அதை இயக்கச் சொல்லாவிட்டால் பொதுவாகக் கண்டுகொள்ளாது. ஜாங்கோ வழியாகப் போனால் ஃபாரின் கீயை அது இயக்கிவிடும், நீங்களே நேரடியாக எழுதினால் பிராக்மா கட்டளையைப் போடுங்கள், டேபிள் உருவாக்கும்போது ஸ்ட்ரிக்ட் என்ற சொல்லையும் சேருங்கள், 2021-இல் வந்த வசதி. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இந்த விஷயத்தில் கறாரான வாத்தியார், தப்பு டைப் என்றால் உள்ளே விடாது. ஆப் ஒரு வடிவத்துக்கு வந்த பிறகு அதற்கு மாறலாம்.

கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதியது, வேறு வழியில்லை, கற்றே ஆக வேண்டும். முதல் நாளே கற்க வேண்டியது இனிட், ஆட், கமிட், ஸ்டேட்டஸ், புஷ் அவ்வளவே. இதில் ஸ்டேட்டஸ் கட்டளைக்கு முழு மதிப்பெண்: இப்போது எந்த நிலையில் இருக்கிறாய் என்பதோடு, இதிலிருந்து பின்வாங்க இந்தக் கட்டளை, முன்னே போக இந்தக் கட்டளை என்று அதுவே சொல்லும். மற்ற கட்டளைகளின் எர்ரர்கள் மர்ம நாவல். செய்தி தராமல் கமிட் போட்டால் பல கணினிகளில் விம் திறந்துகொள்ளும், எந்தப் பட்டனை அழுத்தியும் வெளியே வர முடியாமல் டெர்மினலையே மூடியவர்கள் உண்டு. எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். கிட்டின் எடிட்டராக விஎஸ் கோடை வைத்துவிட்டால் இந்தச் சந்திப்பே நிகழாது. பாஸ்வேர்ட் கொடுத்து கிட்ஹபுக்கு புஷ் செய்யச் சொல்லும் பாடங்களும் பழையவை, 2021 ஆகஸ்டிலிருந்து அது செல்லாது, எஸ்எஸ்ஹெச் கீ அல்லது டோக்கன் வேண்டும். ரகசியக் கீகள் இருக்கும் இன்வ் ஃபைலை முதல் கமிட்டுக்கு முன்பே கிட்இக்னோரில் (கிட் விட்டுவிட வேண்டிய ஃபைல்களின் பட்டியல்) சேருங்கள். ஒரு தடவை கமிட் ஆகிவிட்டால் பிறகு இக்னோரில் சேர்த்தாலும் பழைய வரலாற்றில் அப்படியே இருக்கும், ஆகவே புஷ் செய்துவிட்டால் அந்தக் கீயை ரத்து செய்து புதிது வாங்குவதுதான் ஒரே வழி.

ஹோஸ்டிங்கில், அதாவது இணையத்தில் ஏற்றி வைப்பதில், சர்வர் கோட் இல்லாத பேஜ்களுக்கு கிட்ஹப் பேஜஸ் போதும், இலவசம், புஷ் செய்தால் ஏறிவிடும். ஏற்றியவுடன் படம் மட்டும் காணவில்லை என்றால் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸும் மேக்கும் பொதுவாக அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது, ஹோஸ்டிங் சர்வரில் அது வேறு ஃபைல், 404. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்தால் பிரச்சினையே இல்லை. சர்வர் கோட் உள்ள ஆப்புக்கு ஹெரோகு என்ற ஹோஸ்டிங் சேவை இலவசம் என்று எங்காவது வாசித்தால் நம்பாதீர்கள், 2022 நவம்பரோடு அது முடிந்தது. வேறு இலவசச் சேவைகளில் பல, யாரும் வராவிட்டால் ஆப்பைத் தூங்க வைத்துவிடும், முதல் ஆள் வரும்போது எழுந்திருக்க நேரமாகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். லாகை (சர்வர் எழுதும் பதிவை) நேரடியாகக் காட்டாத சேவையை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், ஏற்றிய பிறகு விழுந்தால் உங்களுக்கு இருக்கும் ஒரே கண் அதுதான்.

ஏஐ உதவியாளர்கள் பற்றிக் கேட்பீர்கள். எழுத எழுத மிச்சத்தைச் சாம்பல் நிறத்தில் முடித்துக் காட்டும் வசதியை, கிட்ஹப் கோபைலட் 2021-இல் கொண்டுவந்த அந்தப் பாணியை, தொடக்கத்தில் நிறுத்தி வையுங்கள். என் அளவுகோலில் அது தோற்கும் இடம் ஒன்றுதான்: சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் ஒரே தொனி. இல்லாத ஃபங்ஷனையும், சில நேரம் இல்லாத பேக்கேஜையும், இருப்பதைச் சொல்லும் அதே உறுதியோடு சொல்லும். தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் சிரித்துவிட்டுப் போவார், புதியவர் நிறுவப் போவார். எர்ரர் செய்தியை ஒட்டி, இது என்ன சொல்கிறது, கோட் தராமல் விளக்கு என்று கேட்பதற்கு சாட் அருமையான கருவி, அதற்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரு ஃபங்ஷன் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க எம்டிஎன் என்ற ஆவணத் தளம் இருக்கிறது, அதில் இல்லாத பிரவுசர் ஃபங்ஷன் பெரும்பாலும் எங்கேயும் இல்லை.

ஆப்பைப் பெட்டி போல அடைத்து ஓட்ட உதவும் டாக்கர், குபர்நெட்டீஸ் எல்லாம் இந்தக் கட்டத்தில் தேவையில்லை, எஸ்க்யூலைட் வைத்திருப்பவருக்கு டாக்கர் எதற்கு? மெக்கானிக்கல் கீபோர்ட் சத்தம் போடும், கோடில் உள்ள தப்பைச் சொல்லாது. கொஞ்சம் காசு ஒதுக்க முடிந்தால் ஒரு சாதாரண இரண்டாவது மானிட்டர் வாங்கி, ஒன்றில் எடிட்டர், மற்றதில் கன்சோல் திறந்த பிரவுசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டருக்கு வழியில்லையென்றால் ஒரே திரையை இரண்டாகப் பிரித்து வைத்தாலும் போதும், கன்சோல் மட்டும் மறையாமல் இருக்கட்டும்.